மூன்றாம் முனையில் பூஜ்யம்

மேசைமேல் தாள்கள் பறக்காமல் இருக்க நான் வைத்திருக்கும் கனம் ஒரு கண்டென்சர் மைக். விலை 180 சிங்கப்பூர் வெள்ளி. மூன்று ஆண்டுக்கு முன் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்து, யாரோ ஒருவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில் வைத்துச் சோதித்து வாங்கினேன். சோதனை என்றால், அவர் ஹலோ ஹலோ என்றார், நான் ஹலோ ஹலோ என்றேன், இரண்டு பேர் குரலும் கேட்டது. அவ்வளவுதான். பத்து நாள் கழித்து, டிசம்பர் மழை விடாமல் கொட்டிய ஓர் இரவில் அக்கா மகள் தேவாரம் பாட, பின்னால் யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுப்படியில் யாரும் இல்லை. தாளித்தது மைக்தான்.

கண்டென்சர் மைக்கின் தலைக்குள் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதன்மேல் உலோகப் பூச்சு. அதற்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே மின்னேற்றம் நிற்க வேண்டும். அது கசியாமல் இருக்க, அந்தச் சுற்று நூறு கோடி ஓம் கணக்கில் தடையோடு இருக்கும். சவ்வில் எச்சிலும் தூசியும், சர்க்யூட் பலகையில் விரல் ரேகையும் படிந்திருந்தால், காற்றில் ஈரம் ஏறும்போது அந்த அழுக்கின் வழியே மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசியும். அதுதான் தாளிப்பு. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் இன்னும் ஏறும். ஏசி ஓடும் அறையில் சமர்த்தாக இருக்கும் மைக், சன்னலைத் திறந்ததும் குணம் மாறுவது இதனால்தான். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் அடைத்து வைத்தேன், சரியானது. வெளியே எடுத்த மறுநாள் மாலை மீண்டும் கடுகு. பலகையை 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் பாதி குறைந்தது. மீதிப் பாதி சவ்வில் இருந்தது. அதைத் தொட்டுத் துடைக்க எனக்குக் கையும் இல்லை, துணிவும் இல்லை.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விற்பவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, முக்கால் மணி நேரமாவது கருவியை ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. "எம்ஆர்டி வாசலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பவருக்கு நன்றி சொல்லி விலகிவிடுவேன். மலிவான பொருள் சில கை நழுவியிருக்கின்றன, வருத்தமில்லை.

சென்ற மாதம் உட்லண்ட்ஸில் ஓர் அண்ணன் மொத்தமாக விற்கிறார் என்று நண்பர் சொன்னார். திருமண இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். மகள் வீட்டோடு போகிறார், இடம் போதாது. பட்டியலில் மூன்று சாமான்: மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு வாய் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் 140 வெள்ளி, கண்டென்சர் மைக் 220, ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 250. கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் கோளாறுகள் எந்தக் கம்பெனிச் சாமானிலும் வரும்.

ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் நாலு நிறுத்தம். ஆனால் ரயில் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளர் தளத்தில் என் மடிக்கணினிக்கு டிரைவர் மென்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே நிறுவிவிடுவேன். நல்ல இன்டர்ஃபேஸ் பல, உடம்பில் ஒரு குறையும் இல்லாமலே செத்துப்போகின்றன. யுஎஸ்பி போலக் கணினியில் மாட்டும் பழைய இணைப்பான ஃபயர்வயர் வகைகள் சிறந்த உதாரணம். ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயருக்கு ஆதரவே கிடையாது. யாராவது 40 வெள்ளிக்குத் தருகிறேன் என்று ஃபயர்வயர் பெட்டியை நீட்டினால், பழைய கணினியையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, சில கருவிகள் முந்தைய உரிமையாளரின் கணக்கில் பதிவாகியிருக்கும். அவர் விடுவித்தால்தான் கூட வரும் மென்பொருள் நமக்கு ஓடும். அதை அவர் எதிரிலேயே செய்து முடித்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் வராது.

என் பையில் இருப்பவை: 25 வெள்ளி மல்டிமீட்டர், சின்ன டார்ச், இரண்டு குட்டை எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்கான மூன்று முனை வயர்), ஒரு டிஆர்எஸ் கேபிள் (ஹெட்போன் பிளக் போன்றது), காதை மூடும் ஹெட்போன், மூன்று வகை யுஎஸ்பி வயர், ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் ஒன்று. இந்த மைக் 1966இலிருந்து சந்தையில் இருக்கிறது, எங்கும் கிடைக்கும், அதனாலேயே போலியும் எங்கும் கிடைக்கும். அசல் 298 கிராம். என்னுடையதைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

பையில் இன்னொரு சாமான், நானே செய்தது. ஒரு எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக்கின் உள்ளே இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவே 150 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து மூடியது. ஜாலான் புசார் முனையில் உள்ள சிம் லிம் டவரில் ரெசிஸ்டரும் பிளக்கும் வாங்கினேன். கணினி விற்கும் சிம் லிம் ஸ்கொயர் வேறு, இது வேறு. சின்னப் பையனாக இருந்தபோது அப்பா இதற்கெல்லாம் சுங்கை ரோட்டுப் பழைய சந்தைக்குக் கூட்டிப்போவார். 2017 ஜூலையோடு அந்தச் சந்தை போய்விட்டது. அந்த பிளக்கைச் செருகினால் இன்டர்ஃபேஸ், மைக் ஒன்று மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும், ஆனால் எந்தச் சத்தமும் வராது. அப்போது கேட்கும் இரைச்சல் முழுவதும் கருவியின் சொந்த இரைச்சல்தான். 150 ஓம் ரெசிஸ்டரே சும்மா இருக்கும்போது எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய மைனஸ் 131 டிபியூ (ஒலி மின்னழுத்தத்தை அளக்கும் அலகு). மைக்கின் ஒலியைப் பெருக்கும் எந்த ப்ரீஆம்பும் இதற்குக் கீழே போக முடியாது. நல்லவை மைனஸ் 127, 128க்கு வந்து நிற்கும். விற்பவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. இரண்டு வாயிலும் மாறி மாறிச் செருகி, ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை முழுவதும் திருகி, முப்பது விநாடி பதிவு செய்து, அளவு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பேன். சீரான 'ஷ்ஷ்' வந்தால் சரி. நடுவே 'டப்', 'சட' என்று வந்தால் உள்ளே ஏதோ சாகிறது.

அண்ணன் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஆன் செய்யச் சொன்னேன், ஸ்பீக்கர் உட்பட. அவை சூடாகட்டும். அதற்குள் தே தாரிக் வந்தது. பின்பக்க லேபிள்களைப் பார்த்தேன், 230 வோல்ட் என்றே இருந்தது. ஜப்பானிலிருந்து யாராவது கொண்டுவந்த 100 வோல்ட் கருவியை நம் சுவரில் நேராகச் செருகினால், அதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அறை ஏசியில் ஜில்லென்று இருந்தது. "அண்ணே, ஏசியை அணைச்சிட்டு சன்னலைத் திறந்துக்கலாமா?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். முதலில் காகிதக் கனத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஈரத்தைச் சோதிக்க மைக்கின் முகத்தில் மூச்சை ஊதிப் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்தவர் மைக்கில் என் எச்சிலைப் படியவிட எனக்கு மனசு வராது. சன்னலைத் திறந்து வைத்தால் சிங்கப்பூர்க் காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பொறுமை மட்டும் வேண்டும்.

காற்று ஏறும்வரை மைக்கை வெளியே பார்த்தேன். வலைக்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் சவ்வின் தங்கப் பூச்சு தெரியும். நேராக அடித்தால் வெறும் பளபளப்பு, சாய்த்தால்தான் புள்ளிகளும் சுருக்கமும் கண்ணில் படும். சுத்தமாக இருந்தது. வலையை முகர்ந்தும் பார்த்தேன், சிகரெட் வாடையோ பூஞ்சை வாடையோ இல்லை. பாடகர்களின் மைக்கை முகர்வது அழகான காரியம் இல்லைதான், ஆனால் மூக்கு பொய் சொல்லாது. கேபிள் மாட்டும் இடத்தில் பச்சைப் பாசி போல எதுவும் இல்லை.

அப்புறம் இன்டர்ஃபேஸ். அண்ணன் தன் கண்டென்சர் மைக்கை முதல் வாயில் மாட்டிக் காட்டினார், அருமை. இரண்டாம் வாயில் மாட்டினார், அங்கும் குரல் வந்தது, கொஞ்சம் சன்னமாக. குமிழைச் சற்றே திருகி, "பாத்தீங்களா, ரெண்டும் ஓகே" என்றார். கீழ்த்தளத்துக் கல் மேசையாக இருந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

என் எஸ்எம்58ஐ எடுத்தேன். முதல் வாயில் கணீர். இரண்டாம் வாயில் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல மெலிந்த ஒரு குரல், அதைவிடப் பெரிதாக 'ம்ம்ம்' என்று மின்சார முனகல். கேபிளை மாற்றினேன், அதே கதை. கண்டென்சரை மாட்டினால் வேலை செய்கிறது, டைனமிக்கை மாட்டினால் செத்துக் கிடக்கிறது. டைனமிக் மைக் மின்சாரமே கேட்காத எளிய பொருள், எதிர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

மீட்டரை எடுத்தேன். பேன்டம் பவரை (கேபிள் வழியே கண்டென்சர் மைக்குக்குப் போகும் மின்சாரம்) ஆன் செய்து, கேபிளை இன்டர்ஃபேஸில் மாட்டி, கேபிளின் மறுமுனைத் துளைகளில் மீட்டரின் கம்பிகளை வைக்க வேண்டும். கறுப்பு முதல் துளையில், சிவப்பு இரண்டாம் துளையில் ஒருமுறை, மூன்றாம் துளையில் ஒருமுறை. இரண்டிலும் 48 வோல்ட் வரவேண்டும், 4 கூடக் குறைய இருக்கலாம். முக்கியம், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். முதல் வாய்: 47.8, 47.8. இரண்டாம் வாய்: 47.8, அடுத்தது பூஜ்யம். பிளக்கை இடப்பக்கம் லேசாக அழுத்தினேன், 47.6 என்று குதித்தது. விட்டேன், மீண்டும் பூஜ்யம்.

புரிந்துவிட்டது. உள்ளே மூன்றாம் முனையின் ஈயம் விட்டிருக்கிறது. டைனமிக் மைக்கின் சுருளுக்கு இரண்டு முனையும் வேண்டும், ஒரு கை போனால் மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை. கண்டென்சருக்கோ உள்ளேயே சொந்தச் சர்க்யூட் இருக்கிறது. இரண்டாம் முனையில் கிடைக்கும் அரைவயிற்றுக் கஞ்சியைக் குடித்துவிட்டு அந்த ஒரு முனை வழியாகவே குரலையும் அனுப்பிவிடுகிறது. அண்ணன் வீட்டில் இருந்தது கண்டென்சர் ஒன்றே. இத்தனை நாளும் அவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை, அவர் ஏமாற்றவில்லை. இந்த நிலையில் மெல்லிய உலோக நாடாவில் இயங்கும் ரிப்பன் மைக் ஒன்றை இந்த வாயில் மாட்டி பேன்டமையும் போட்டிருந்தால், சமமில்லாத அந்த 48 வோல்ட் சில வகைகளில் ரிப்பனைக் கெடுத்திருக்கவும் கூடும்.

மீட்டரை அவரிடம் காட்டினேன். பிளக்கை அவரே இரண்டு முறை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "அஞ்சு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க தம்பி. ஒருத்தரும் மீட்டர் கொண்டு வரல லா."

மற்ற சோதனைகளில் இன்டர்ஃபேஸ் நன்றாகவே தேறியது. வெளியேறும் வாயிலிருந்து உள்ளே வரும் லைன் வாய்க்கு டிஆர்எஸ் கேபிளைப் போட்டு, 1000 ஹெர்ட்ஸ் சுருதியை அனுப்பிப் பதிவு செய்தேன். இரண்டு பக்கத்துக்கும் 0.2 டெசிபல்தான் வித்தியாசம். ஹெட்போன் குமிழைத் திருகினால் கரகர என்றது. பத்து இருபது முறை வேகமாகத் திருகியதும் குறைந்தது. அப்படிக் குறைந்தால் தூசி, காண்டாக்ட் கிளீனரில் போய்விடும். குறையாவிட்டால் குமிழையே மாற்ற வேண்டும்.

அதற்குள் அறை நன்றாகப் புழுங்கிவிட்டது, மூவருக்கும் வியர்வை, அண்ணி மின்விசிறியைத் தேடினார். மைக்கை முதல் வாயில் மாட்டி, ஹெட்போனை இறுக்கி, ஐந்து நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். எம்ஆர்டி போகும் ஓசை, எங்கோ ஒரு மைனா, மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம். தாளிப்பு இல்லை. பிறகு சாவிக்கொத்தை ஓரடி தூரத்தில் குலுக்கினேன். உயர்ந்த ஒலிகள் உடையாமல் வருகின்றனவா என்று பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஒலியைக் குறைக்கும் மைனஸ் 10 டெசிபல் சுவிட்சைத் தள்ளும்போது மட்டும் ஒரு 'டொக்', அது பரவாயில்லை.

ஸ்பீக்கரில் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சுருதியை ஓடவிட்டேன். 110 ஹெர்ட்ஸ் அருகே இடப்பக்கத்தில் 'ஜிர்ர்ர்'. சுருள் உரசுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணி எழுந்து போய்ச் சாமி மாடத்திலிருந்த பித்தளை மணியைக் கையால் பிடித்தார். 'ஜிர்ர்ர்' நின்றது. எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாள்தோறும் கீபோர்டு கேட்ட வீடு, எந்தச் சுருதிக்கு எது அதிரும் என்று அவருக்கு அத்துப்படி. அதன் பிறகு ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்து, மடித்த போர்வைமேல் வைத்தே சோதித்தேன்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. ஆன் செய்து அரைமணி நேரம் தாண்டியதும், பாட்டே ஓடாதபோது வலப்பக்க ஸ்பீக்கர் தானாக 'சர்...' என்று தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. பின்தகட்டில் கைவைத்தால் இடப்பக்கத்தைவிட நல்ல சூடு. கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கலாம். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, மூடிய பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயரை வைத்தால் அதுதான் நடக்கும். வேறு காரணமும் இருக்கலாம். எப்படியானாலும் சுவர் மின்சாரம் நேராகப் போகும் பெட்டி, அதைத் திறந்து கைவைப்பது என் வேலை இல்லை. ஸ்பீக்கர் வேண்டாம் என்றேன்.

அலமாரி மேலே வெள்ளைக் கோனோடு ஒரு ஜோடி யமஹா என்எஸ்10 ஸ்பீக்கர் இருந்தது, என் கண் அங்கேயே போனதைப் பார்த்துவிட்டார். 1978இல் வந்து 2001இல் நின்றுபோன மாடல். "அது விக்கிறதுக்கு இல்ல" என்றார், நான் கேட்கும் முன்பே. சரி, மீட்டர் வைக்கவாவது விடுங்கள் என்றேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறை ஒட்டிக் காட்டினால் வூஃபரின் (கனத்த ஒலிக்கான பெரிய கோன்) சுருள் உயிரோடு இருக்கிறது. இரண்டும் காட்டின. ட்வீட்டருக்கு (கீச்சொலிக்கான சிறியது) முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டருக்கு அது தெரியாது, காதைத்தான் வைக்க வேண்டும். காதும் சரி என்றது. அவருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமூச்சு.

விலை பேசுவதில் நான் சூரன் இல்லை. மைக் 220க்குத் தகும் என்று நினைத்தேன், 210 என்றேன், சரி என்றார். இன்டர்ஃபேஸுக்கு, "ஒரு வாய் கணக்குப் பாத்தா 70 வரும், 80 தரேன்" என்றேன். தான் விற்பது பழுதான சாமான் என்று தெரிந்ததில் அவர்தான் கூச்சப்பட்டார். மொத்தம் 290 வெள்ளி.

பழுது பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்றேகால் மணி நேரம். யுஎஸ்பி வழியே மட்டும் மின்சாரம் வாங்கும் பெட்டி என்பதால்தான் திறந்தேன், வயரைப் பிடுங்கிவிட்டால் உள்ளே பயப்பட ஒன்றும் இல்லை. அடியில் ரப்பர் கால்களுக்குக் கீழே நாலு திருகு. கால்கள் இந்த ஊர்ப் புழுக்கத்தில் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டின, அதைத் துடைக்கவே கால் மணி நேரம். பலகையைத் திருப்பி, லென்ஸ் வைத்து இரண்டாம் வாயின் முனைகள் பலகையில் இறங்கும் உலோகக் கால்களைப் பார்த்தேன். மற்ற கால்களைச் சுற்றி ஈயம் பளபளப்பான சிறு மலைபோல ஏறி நிற்க, மூன்றாம் காலைச் சுற்றி மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். விரல்நகத்தால் காலைத் தள்ளினால் வளையத்துக்குள் கால் அசைந்தது. கனமான கேபிளை மாட்டியபடியே பெட்டியை இழுத்து இழுத்து வைத்ததில் வந்தது.

முதலில் புது ஈயத்தை மேலே பூசப்போனேன், பந்துபோல உருண்டு ஒட்டாமல் நின்றது. பழையதின்மேல் ஆக்சைடு படிந்திருந்தது. உறிஞ்சும் செப்புப் பின்னலால் பழைய ஈயம் முழுவதையும் எடுத்து, காலையும் பலகையையும் ஆல்கஹாலில் துடைத்து, ஃப்ளக்ஸ் தடவி, அயர்ன் நுனியைக் காலும் பலகையும் இரண்டும் தொடும்படி மூன்று எண்ணிக்கை வைத்து, பிறகு ஈயத்தைக் கொடுத்தேன். சட்டென்று வழிந்து சுற்றிக்கொண்டது. நடுவில் நிற்காமல் மற்ற கால்களையும் அப்படியே ஒருமுறை சூடாக்கிவிட்டேன், முதல் வாயும் ஒருநாள் இதே வழியில்தான் போகும்.

மூடும் முன் மீட்டர்: 47.8, 47.8. பிளக்கை நாலு பக்கமும் அழுத்தினேன், எண் அசையவில்லை. எஸ்எம்58 இரண்டு வாயிலும் ஒரே குரலில் பேசியது. 150 ஓம் பிளக்கில் இரண்டு வாய்க்கும் இரைச்சல் வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் கீழே.

படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கறுப்பு வளையம் ஒன்று, பற்றவைத்த பிறகு ஒன்று. கட்டைவிரல் ஒன்று வந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு குரல் செய்தி:

"தம்பி, இப்ப ரெண்டு வாயும் நல்லா இருக்குல்ல? அப்ப மீதி 60 வெள்ளி எப்ப பேநவ் பண்றீங்க?"